கூரைச் சூடு யார் கணக்கில்?



மின்சாரச் சிக்கனம் என்று பேச்செடுத்தால் நம் கடைக்காரர்கள் சொல்லும் ஜவாபு ஒன்றே: "கட்டடம் நம்முடையதா என்ன?" கட்டடத்துச் சொந்தக்காரரைக் கேட்டாலோ, "பில்லை நானா கட்டுகிறேன்?" என்பார். இருவர் பேச்சும் கணக்குப்படி சரியே. இருவரும் சரியாகப் பேசியும் ஒரு காரியம் கெடுகிறதென்றால், கணக்கில் ஏதோ ஒரு பற்று எழுதாமல் விட்டுப்போயிருக்க வேண்டும்.

தகராறு இல்லாததை முதலில் தள்ளிவிடுவோம். பழைய நாலடிக் குழல்விளக்கு தன் சோக்கையும் சேர்த்து உத்தேசமாக 46 வாட் இழுக்கும். எல்.இ.டி. குழலுக்கு 18 வாட் போதும். 20 விளக்குள்ள கடை தினம் 12 மணி நேரம் எரித்தால் மாதத்தில் 200 யூனிட் மிச்சம். யூனிட் அரை ரிங்கிட் என்றாலும் 100 ரிங்கிட். கடையை மாற்றினால் விளக்கைக் கழற்றிக் கையோடு கொண்டு போகலாம், யார் அனுமதியும் வேண்டாம். இதையும் செய்யாதவரோடு எனக்கு வாதமில்லை.

கூரை வேறு விஷயம். சுங்கை வே போன்ற இடத்தில் கூரை தகரமானாலும் கான்கிரீட்டானாலும் நண்பகல் வெயில் அதன் தலையில்தான் விழுகிறது. அதற்கு வெள்ளைச் சாயம் பூசலாம். உட்புறம் சூட்டைத் தடுக்கும் பளபளப்புத் தாள் விரிக்கலாம். மேற்குச் சுவருக்கு நிழல் கட்டலாம். இவற்றைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. மூன்று வருஷ ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருப்பவன், ஆறேழு வருஷத்தில் திரும்பக்கூடிய முதலைப் பிறர் கூரையில் போடுவானா? போட்டபின், "கடை நன்றாக இருக்கிறதே" என்று வாடகையைக் கூட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. அந்தப் பயம் வீணானதல்ல.

மத்ரஸாவில் இஜாரா பாடம் ஓதியவர்களுக்கு ஒரு பிரிவினை நினைவிருக்கும். கூரை ஒழுகினால், சுவர் சரிந்தால், சீர்செய்வது உடையவர் பொறுப்பு. விளக்குக்கு எண்ணெய் குடியிருப்பவர் செலவு. அழகான பிரிவினை. ஆனால் ஒழுகுவது குறை; காய்வது குறையா? எண்ணெய் விளக்குக் காலத்தில் கூரைக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமே கிடையாது. இன்று காய்கிற கூரையின் கீழ் ஏர்கான் ஓயாமல் ஓடுகிறது. கூரையே எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிட்டது! ஆகவே காய்வதும் குறையே என்பது என் அபிப்பிராயம்.

உதவித் திட்டங்களும் இந்த இடைவெளியைத் தாண்டவில்லை. நம் பெட்டாலிங் ஜெயா மாநகராட்சி 2011இல் வீட்டைப் பசுமையாக்கியவர்களுக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு கொடுக்கத் தொடங்கியது. அது வீட்டு உரிமையாளருக்கு. 2021இல் சிக்கனமான குளிர்பெட்டிக்கும் ஏர்கானுக்கும் அரசாங்கம் 200 ரிங்கிட் கழிவு கொடுத்தது, அது குடும்பங்களுக்கு. வாடகைக் கடைக்காரன் இரண்டிலும் இல்லை. பாங்கியில் 2007இல் மலேசிய எரிசக்தி மையம் தன் அலுவலுக்கென்றே ஒரு கட்டடம் கட்டிக்கொண்டது. இரவில் தளத்தைக் குளிரவைத்துப் பகலில் அந்தக் குளிர்ச்சியைப் பயன்படுத்துவார்கள். கூரையில் சூரிய மின்தகடுகள். கட்டியவரும் குடியிருப்பவரும் ஒருவரே என்றால் இவ்வளவும் நடக்கிறது.

சொந்தக்காரர்மீதே பழியைப் போட்டுவிடவும் முடியாது. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் உள்ள பழைய கடைவீடுகளைப் பாருங்கள். முன்னே அஞ்சடி, 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்தது. முன்சுவரில் வெயில் நேராக விழாதபடி அது காத்தது. நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று மேலே போகும், வெளிச்சம் கீழே இறங்கும், பகலில் விளக்கு வேண்டாம். அந்த முற்றத்தைத் தகரம் போட்டு மூடி மூட்டை அடுக்கியவர் யார்? பல இடங்களில் வாடகைக்கு இருந்த வியாபாரிதான். பிறகு பட்டப்பகலில் விளக்கு, விளக்கின் சூட்டுக்கு விசிறி, விசிறி போதாமல் ஏர்கான்!

இனி விட்டுப்போன அந்தப் பற்றுக்கு வருவோம். மேல்மாடியில் நம் சிப்பந்திகள் படுக்கிறார்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் இரவில்தான் இறக்கும். இரவு கடையை மூடி ஏர்கானை நிறுத்தி, "இன்றைய செலவு முடிந்தது" என்கிறோம். மேலே அது முடியவில்லை. கட்டடமும் அவர்களுடையதல்ல, பில்லும் அவர்கள் கட்டுவதல்ல, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் இல்லை. மாடியில் விசிறியை நிறுத்தி பில்லைக் குறைத்ததாகச் சொல்லும் முதலாளி உண்டு. அதைச் சிக்கனம் என்று நான் ஒப்பமாட்டேன். தன் செலவை இன்னொருவர் தூக்கத்தின்மேல் எழுதியதுதான் அது. 2020 ஜூன் முதல் தொழிலாளர் தங்குமிடச் சட்டம் எல்லாத் தொழில்களுக்கும் நீண்டு, நம் கடை மாடியையும் தொட்டுவிட்டது. சட்டம் வந்துதான் இது தெரியவேண்டுமா?

இலாபம் யாருக்கு என்று கேட்டுப் பொறுப்பைத் தேடினால் இது தீராது. மாற்றும் அதிகாரம் யார் கையில் என்று கேட்கவேண்டும். முதல் அதிகாரம் உடையவருக்கு. அவர் மறுத்தால், அந்தக் கூரையின் கீழ் ஆட்களைப் படுக்கவைத்த முதலாளிக்கு. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு ஷரத்து கேளுங்கள்: கூரைச் செலவில் பாதி அவர், பாதி நாம், இத்தனை வருஷம் வாடகை கூடாது, இடையில் காலி செய்யச் சொன்னால் மீதியைத் திருப்பித் தரவேண்டும். நம்மில் சிலர் வீடு வாங்கி வாடகைக்கும் விட்டிருக்கிறோம். அங்கே இந்த ஷரத்தைக் குடித்தனக்காரர் நம்மிடம் கேட்பார். அப்போது முகம் சுளிக்கலாகாது.

"அவர் கையெழுத்துப் போட மறுத்தால்?" என்று கேட்பீர்கள். அப்போதும் அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டு வெள்ளைச் சாயமாவது பூசலாம். அந்தச் செலவைக் கடைக் கணக்கில் எழுதுங்கள்; ஆட்கள் சம்பளத்தில் பிடிக்கவேண்டாம்.