கலங்கலின் உயரம்

பிறருக்குத் தீங்கு நினைக்காத ஒருவர், தம் மனையை உயர்த்திக்கொள்வதாலேயே பிறருக்குத் தீங்கு செய்துவிட முடியுமா? தாம்பரத்துக்கு மேற்கே குடியிருப்பவர்களுக்கு இது வெறும் தத்துவ விசாரம் அல்ல. ஐப்பசி பிறந்தால் வாசலுக்கே வந்துவிடுகிற கேள்வி.

2015 டிசம்பர் முதல் தேதி பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிற்று. முடிச்சூரில் ஜனங்கள் மாடிக்கு ஏறினார்கள். படகு வந்து மீட்டது. 2019 கோடையில் இதே தென்புறநகரில் குடங்கள் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தன. ஏரி வாங்கிவைத்துக்கொள்ள வேண்டிய நீர் வீட்டுக்குள் நுழைந்து கடலுக்குப் போய்விட்டால், கோடைக்குக் கிணற்றில் என்ன இருக்கும்?

பழைய செங்கற்பட்டு ஜில்லா ஏரிகளின் ஜில்லா. மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் வரவு. அந்தக் கலங்கலின் உயரத்தைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு சாண் கூட்டினால் மேலே இருக்கிற வயல் மூழ்கும், கீழ் ஏரிக்கு வரவு குறையும். ஒரு சாண் குறைத்தால் தன் பாசனமே காயும். ஆகவே அந்த உயரம் ஊருக்கும் ஊருக்கும் ஏற்பட்ட உடன்பாடு. பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூரில் ஏரி வாரியம் என்றே ஒரு குழுவைக் குடவோலையால் தேர்ந்தெடுத்தார்கள். (நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்கள் பெயர்தான் குடத்துக்குள் போயிற்று என்பதைப் பெருமை பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.)

1978-இல் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் ‘பெர்மாகல்ச்சர்’ என்ற பெயரில் ஒரு நூல் வெளியிட்டார்கள். மண், நீர், மரம், கோழி, வீடு, மனிதன் எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக வகுக்க வேண்டும் என்பது அந்த முறை. மண்ணைப் பேணு, மனிதரைப் பேணு, மிஞ்சியதைப் பகிர்ந்துகொள் என்பவை அதன் அறங்கள். இன்று புறநகரில் அரை கிரவுண்டுக்காரரும் இதைப் படித்துவிட்டுக் குளித்த நீரை வாழைக்கு விடுகிறார். சருகை எரிக்காமல் மண்ணுக்குக் கொடுக்கிறார். நல்ல காரியம். கொல்லையில் வாழை வைத்த நம் பாட்டிமார்களுக்கு இதன் பெயர்தான் தெரியாது.

ஆனால் அவரே வெள்ளத்துக்குப் பயந்து, லாரி லாரியாக மண் கொட்டி மனையை மூன்றடி உயர்த்தியிருந்தால்? வாழை குடித்தது போக மிஞ்சிய மழையெல்லாம் எதிர்வீட்டுக் கூடத்துக்குப் போகிறது. அதுவும் ஒரு பகிர்வுதான்!

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. சாலை மேல் சாலை போட்டு உயர்த்திக்கொண்டே போனால் அவர்தான் என்ன செய்வார்? குழந்தை குட்டியோடு மறுபடியும் மாடியில் உட்காரவா? தற்காப்பு பாவம் ஆகாது. என்றாலும், முழு அமைப்பையும் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மதில் சுவரோடு பார்வையை நிறுத்திக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. தெருவுக்கும் ஒரு கலங்கல் மட்டம் வேண்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று தெருவாசிகள் சேர்ந்து கேட்கலாம். தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. மனுக் கொடுக்க இடம் இருக்கிறது. மனுவில் முதல் கையெழுத்து, தெருவிலேயே உயரமான வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். பள்ளத்தில் இருப்பவர் எப்படியும் போட்டுவிடுவார்.