ஒற்றனும் தலையாட்டியும்

இறக்கக்கண்டிக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது. கரையேற்றி வைத்த படகொன்றின் நிழலில் நான்கைந்து இளைஞர்கள் ஒரே கைத்தொலைபேசியைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த படம் 2022ஆம் ஆண்டில் வெளியான ‘விக்ரம்’. 1986இல் அதே பெயரில் வந்த படத்தின் உளவு அதிகாரியை மீண்டும் திரைக்கு அழைத்துவந்த படம் அது. முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னரும் பழைய ஒற்றன் ஒருவனால் புதிய தலைமுறையை இப்படிக் கட்டிவைக்க முடிகின்றதே என்று நாம் வியந்தோம். அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “எங்கட காலத்தில உளவாளி சாக்கு மூடிக்கொண்டுதான் வந்தவன், தம்பிமார்.”

இளைஞர்கள் சிரித்தனர். முதியவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கும் அந்த மௌனத்துக்கும் இடையில் கிடக்கும் கேள்வியே இக்கட்டுரையின் பொருள். உளவு என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய ஊர்களில் உளவுப் படங்கள் இவ்வளவு விருப்புடன் பார்க்கப்படுவது ஏன்? அந்த விருப்பம் எம் மனத்தில் விட்டுச்செல்வது என்ன?

முதலில், இப்படங்களின் கவர்ச்சியை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அது இன்று நேற்றுத் தோன்றியதன்று. மௌனப் படக் காலத்திலேயே, 1928இல், ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் ஒற்றர்களைப் பற்றி ஒரு பெரும் படம் எடுத்தார். ஹிட்ச்கொக் 1935இல் ‘முப்பத்தொன்பது படிகள்’ படத்தையும், 1959இல் ‘நோர்த் பை நோர்த்வெஸ்ட்’ படத்தையும் அளித்தார். தன் வழியே போய்க்கொண்டிருந்த சாதாரண மனிதன், தான் அறியாத சூழ்ச்சியொன்றில் அகப்பட்டு ஓடுவதுதான் இரண்டிலும் கதை. 1962இல் ‘டொக்டர் நோ’ வந்தது. ஜேம்ஸ் பொண்ட் திரையில் பிறந்தான். 2021 வரையில் அதே படநிறுவனம் அவனை வைத்து இருபத்தைந்து படங்களை வெளியிட்டுவிட்டது.

அந்த அலை தமிழ்த் திரையையும் விரைவிலேயே எட்டியது. சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ படத்தையும் 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தையும் தயாரித்தது. இரண்டிலும் நடித்த ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட் என்ற பட்டமே நிலைத்தது. 1968இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ரகசிய போலீஸ் 115’ அந்த இலக்க மோகத்தைத் தன் பெயரிலேயே தாங்கி வந்தது. எண்பதுகளில் தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’கையும் வாடகைக்கு எடுத்து, விடியவிடியப் படம் பார்த்த எம்மவர்களுக்கு இந்த நாயகர்கள் வீட்டு விருந்தாளிகளைப் போன்றவர்கள்.

இவர்களிடம் மக்கள் கண்டது என்ன? துப்பாக்கியும் காரும் அழகிய நகரங்களும் மட்டுமென்று எண்ணுவது மேலோட்டமான கணிப்பாகும். அரிசி விலை ஏன் ஏறுகின்றது, யுத்தம் ஏன் மூளுகின்றது, தன் வாழ்வைப் பற்றிய முடிவுகளை எந்த அறையில் எவர் எடுக்கின்றனர் என்று அறியமுடியாத நிலையில் இருப்பவன் இன்றைய சாதாரண மனிதன். உளவுப் படம் அவனிடம், “ஓர் இரகசிய அறை இருக்கின்றது; அதற்கு ஒரு திறவுகோலும் இருக்கின்றது; துணிவுள்ள ஒருவன் உள்ளே புகுந்தால் அனைத்தும் வெளிச்சமாகிவிடும்” என்கின்றது. அது பொய்யான ஆறுதல்தான். ஆனால், அந்த ஆறுதலைத் தேடவைக்கும் இயலாமை பொய்யன்று. ஆகவே, இப்படங்களை ரசிப்போரை ஏளனம் செய்வதற்கு எமக்கு உரிமையில்லை. நாமும் அவர்களுள் ஒருவரே.

உண்மையான உளவு எப்படியிருந்தது என்பதை அறிய இறக்கக்கண்டியிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றாற் போதும். நிலாவெளியையும் உப்புவெளியையும் கடந்தால் திருகோணமலைத் துறைமுகம். 1957 வரையில் பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய இடம் அது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து வேவு பார்க்கப் பறந்த விமானமொன்று யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடியர். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் யுத்தம் முடியும்வரை சிறையிருந்தார். அடுத்த நாள் கொழும்பும், ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. செய்தி முன்கூட்டியே கிடைத்தபோதிலும் அழிவு முற்றாக நின்றுவிடவில்லை. திரையில் இரகசியத்தை அறிந்தவன் வென்றுவிடுகின்றான். வாழ்வில் அறிந்த பின்னரும் இழக்கவேண்டியிருக்கின்றது.

1944இல் கண்டியில் அமெரிக்க உளவுத்துறையின் அலுவலகம் ஒன்று இயங்கியது. அங்கே இரகசியக் கோவைகளைப் பதிந்து அடுக்கும் பொறுப்பிலிருந்த பெண், பின்னாளில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையற்கலை ஆசிரியையாக விளங்கியவர். பொண்ட்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்கும் அதே யுத்தத்தில் லண்டன் கடற்படை உளவுப் பிரிவில் மேசை வேலை பார்த்தவர்தாம். உளவின் பெரும்பகுதி காகிதம். பெயர், நாள், இடம், குறிப்பு என்ற வரிசை. காகிதத்தில் எழுதப்படும் பெயருக்கு உரியவன் எங்கோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். தன் பெயர் எழுதப்பட்டது அவனுக்குத் தெரியாது.

அந்தப் பெயருக்கு உரியவனைத்தான் உளவுப் படங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. காட்சி எப்பொழுதும் பார்ப்பவனின் பக்கத்திலிருந்தே விரிகின்றது. பார்க்கப்படுபவன் சந்தேகப் பொருளாக வருகின்றான், விழுகின்றான், மறைகின்றான். பொண்ட்டின் இலக்கத்திற்குக் கொல்லும் அனுமதி என்று பொருள். அந்த அனுமதியை வழங்கியவர் யார், பிழையானவன் கொல்லப்பட்டால் கேட்பவர் யார் என்ற வினாக்களைக் கேட்பதற்குள் அடுத்த கார் பாய்ந்து வந்துவிடுகின்றது.

வலை பொத்திய முதியவரின் சாக்கு இங்கேதான் பொருள் பெறுகின்றது. யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் சுற்றிவளைப்பு நடக்கும்போது ஆண்கள் ஒரு வெளியில் வரிசையாக நிறுத்தப்படுவார்கள். தலையிலிருந்து சாக்கு மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் இரண்டு துளைகளுடன், அவர்கள் முன் இருத்தப்படுவான். ஒவ்வொருவராக அவன் முன்னே நடந்து செல்லவேண்டும். அவன் தலை அசைந்தால் அந்த மனிதன் கொண்டுசெல்லப்படுவான். மக்கள் அவனுக்கு இட்ட பெயர் தலையாட்டி. இலங்கைப் படையினரின் காலத்திலும், 1987இல் வந்த இந்தியப் படையினரின் காலத்திலும் இக்காட்சி நிகழ்ந்தது. மறுபுறம், காட்டிக்கொடுத்தான் என்ற குற்றச்சாட்டின்பேரில் விளக்குக் கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களையும் எமது மக்கள் கண்டனர். சுட்டவர்கள் எமது விடுதலையின் பெயரைச் சொன்னவர்கள். ஒரு பக்கத்தில் ஒரு தலையசைப்பு. மறுபக்கத்தில் ஓர் அட்டையில் எழுதிய ‘துரோகி’ என்ற சொல். இரண்டுக்கும் விசாரணை இருக்கவில்லை.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு. அரசுக்கு ஒற்று வேண்டும் என்பதை வள்ளுவர் மறுக்கவில்லை. அதை அரசனின் கண் என்றே கருதினார். ஆயினும், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டுமென்றும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தாலே நம்பவேண்டுமென்றும் அவர் நிபந்தனை விதித்தார். முடியாட்சிக் காலத்து நூல் மூவரின் சொல்லைக் கேட்டது. குடியாட்சிக் காலத்தில் ஒரு தலையசைப்பு போதுமானதாயிற்று. நாகரிகம் எத்திசையில் நடந்தது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இன்னுமோர் உண்மையையும் சொல்லவேண்டும். சாக்கினுள் இருந்தவன் யார்? பெரும்பாலும் அவனும் பிடிபட்டவனே. அடித்து நொறுக்கப்பட்டு, தன் உயிருக்கோ தம்பியின் உயிருக்கோ விலையாகத் தலையை அசைக்க வைக்கப்பட்டவன். திரையின் ஒற்றன் தன் தொழிலைத் தானே தேர்ந்துகொள்கின்றான். இவனுக்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை. இவனை எப்படி மதிப்பிடுவது? வதையின் கீழ் அசைந்த தலையைக் குற்றமென்று சொல்ல, வதைபடாத எமக்குத் தகுதி உண்டா? அந்தத் தலையசைப்பால் மகனை இழந்த தாய்க்கு, “அவன் குற்றவாளி அல்லன்” என்று சொல்லும் துணிவுதான் எமக்கு உண்டா? இரு கேள்விகளும் உண்மையானவை. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. சாக்கைத் தைத்தவனை விட்டுவிட்டுச் சாக்கினுள் இருந்தவனை மட்டும் தண்டிப்பது நீதியாகாது என்பது வரையிலாவது நாம் உறுதியாகச் சொல்லலாம்.

உளவுப் படங்கள் எல்லாமே இந்தக் கேள்விகளிலிருந்து தப்பியோடவில்லை. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ எம் மொழியின் பெருமை. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. 1943இல் சென்னையில் யப்பானியர் குண்டுவீசிய நாட்களில் கதை நடக்கின்றது. திருகோணமலை குண்டுகளைக் கண்ட மறு ஆண்டு அது. நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். அவன் அந்நிய அரக்கனல்லன். தன் கண்டுபிடிப்பு மதிக்கப்படாததால் கசந்துபோன திறமைசாலியான வானொலிப் பொறியியலாளன். அவன் செய்தது துரோகம் என்பதைப் படம் மறைக்கவில்லை. துரோகிக்கும் ஒரு வரலாறு உண்டென்பதையும், அவனை நேசித்த ஒரு மனைவி உண்டென்பதையும் அது மறைக்கவில்லை.

1959இல் கரொல் ரீட் இயக்கிய, கிரகாம் கிறீனின் ஹவானாக் கதை மற்றோர் உதாரணம். தூசு உறிஞ்சும் இயந்திரம் விற்கும் ஒருவன் பணத்துக்காகப் பொய்யான ஒற்றர்களைக் கற்பனை செய்து அறிக்கை அனுப்புகின்றான். அறிக்கை பொய், ஆனால் அதனால் இறப்பவர்கள் மெய்யான மனிதர்கள். 1965இல் வெளியான, லெ காரேயின் நாவலைத் தழுவிய படத்தில், தன்னை நம்பிய எளிய பெண் தன் தரப்பினரின் சூழ்ச்சிக்கே பலியாகி பேர்லின் சுவரடியில் வீழ்வதைக் கண்ட ஒற்றன், தப்பும் வழியை விட்டு அவளிடமே இறங்கிச் செல்கின்றான். இம்மூன்று படங்களும் நிலைத்து நிற்பதற்குக் காரணம், ஒற்றன் தொட்ட மனிதர்களையும் அவை மனிதர்களாகக் காட்டியமையே.

“பொழுதுபோக்குக்குப் பார்க்கும் படத்துக்கு இவ்வளவு விசாரணையா?” என்று வாசகர் கேட்கலாம். விசாரணை படத்துக்கன்று, அது எம்மிடம் விட்டுச்செல்லும் பழக்கத்துக்கு. “எவரையும் நம்பாதே” என்பது திரையில் இனிய பரபரப்பு, நாயகனின் புத்திக்கூர்மை. அதே வாக்கியம் ஓர் ஊரில் குடியேறினால் அது நஞ்சு. யுத்தம் 2009இல் முடிந்தது, சந்தேகம் முடியவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரையோரங்களில், புதிதாக வந்தவன் யார், அவனிடம் பேசியவன் யார், அவன் பேசியது எவருக்குப் போய்ச்சேரும் என்ற கணக்குகள் இன்னும் போடப்படுகின்றன. தன் அயலவனை ஒற்றனென்று எண்ணுபவன் தானே ஒற்றனாகி அவனைக் கண்காணிக்கத் தொடங்குகின்றான். அஞ்சும் மக்களை ஒருவரையொருவர் காவல் காக்க விட்டுவிட்டால் அதிகாரத்துக்குப் பிறகு வேறு காவல் தேவையில்லை.

ஆகவே, படங்களைத் தடுக்கும்படி நாம் கேட்கவில்லை. ஒற்றன் வெல்லும்போது கைதட்டும் இளைஞன், ஒரு கணம் நின்று, “அந்த அறிக்கையில் பெயர் எழுதப்பட்டவன் என்னவானான்?” என்று கேட்கப் பழகினாற் போதும். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கும் படம் கலை. இடம் கொடாத படத்தையும் பார்க்கலாம், ஏமாறாமல்.

படம் முடிந்ததும் அந்த இளைஞர்களுள் ஒருவன் முதியவரின் அருகே வந்து, “சாக்கு எதுக்கு, அப்பு?” என்று கேட்டான். அவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, அவனுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு ஒதுங்கியமர்ந்தார். கதை நீண்டது. மற்ற இளைஞர்களும் ஒவ்வொருவராக அங்கே வந்து அமர்ந்தனர்.