கூரையும் கூலியும்

மழை பெய்கிறது; கூரை ஒழுகுகிறது. இதைவிட எளிய பிரச்சினை ஒன்று உண்டா? வீட்டுக்காரன் கையிருப்பை எண்ணிப் பார்க்கிறான்; நல்ல மேசன் ஒருவனைத் தேடுகிறான்; கூலி பேசி வேலையைத் தொடங்குகிறான். இதில் தத்துவத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம்.

ஆனால் இரத்தினபுரியின் தோட்டமொன்றில் இதே கூரை ஒழுகும்போது, பணம் எங்கே, மேசன் எங்கே என்பவற்றுக்கு முன்பாக வேறொரு கேள்வி வந்து நிற்கிறது: இந்தக் கூரை யாருடையது? ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டும் இம்மாவட்டத்தில், லயத்தில் பிறந்து லயத்தில் மூத்த ஒரு தொழிலாளியால் அக்கேள்விக்குச் சட்டப்படி ஒரு விடை கூற முடிவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒழுக்கைத் தாங்கியவர்கள் அவர்கள். ஒழுகும் கூரையோ இன்னொருவருடையது. இந்த நிலையிலிருந்துதான் நம்முடைய விசாரணை தொடங்குகிறது.

லயம் என்பது வீடாக வாழக் கட்டப்பட்டதன்று; ஆட்படையை அடைத்துவைக்கக் கட்டப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள், சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசைகள், முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. வேலைக்குப் பெயர் இருக்கும்வரை காம்பராவும் இருக்கும் என்பதே அதன் எழுதாத சட்டம். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. நாளை கப்பலேறப் போகிறவன் இன்று சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவானா? 1975-இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. எசமானர் மாறினர், காம்பராவின் சட்டம் மாறவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டபோது, இருந்த கொஞ்ச நம்பிக்கையும் சேர்ந்து எரிந்தது. "தோட்டத்தான் வீட்டைப் பேணத் தெரியாதவன்" என்று பழிப்பவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை வரிசையாக எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே முதல் அறக்கேள்வி இது: உரிமையில்லாத வீட்டை உழைப்பாளி தன் காசைக்கொண்டு திருத்தலாமா?

திருத்தக்கூடாது என்பாரின் வாதம் வலிமையற்றதன்று. வீட்டைப் பராமரிப்பது உடைமையாளனின் கடமை. தொழிலாளி தன் சேமிப்பிலிருந்து தகரம் வாங்கிப் போடுந்தோறும் உடைமையாளன் தன் கடமையிலிருந்து விடுதலை பெறுகிறான். ஒழுகும் கூரை ஒரு சாட்சி. அதை மூடிவிட்டால் வழக்கே மூடிவிடும். ஏற்கெனவே வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகக் கடன் பெற்று, அதைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கவிட்டு வீடு கட்டிய பலர், கடன் தீர்ந்த பின்னும் உறுதிப்பத்திரம் காணாமலே இருக்கின்றனர். நிலம் அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, கடன் மட்டும் தொழிலாளியினுடையது!

இவ்வாதத்துக்கு மறுமொழி தத்துவ நூல்களிலிருந்து வருவதில்லை, காம்பராவுக்குள்ளிருந்து வருகிறது. அடுப்புப் புகையிலே இருமும் குழந்தைக்கு நாம் என்ன சொல்வது? வழக்கு வெல்லும்வரை மூச்சை அடக்கிக்கொள் என்றா? போராட்டத்தின் சாட்சியாக ஒரு குழந்தையின் நெஞ்சை வைப்பது போராட்டமாகாது. கூரையை மூடுவது சரணாகதியுமன்று. மூடிய கூரைக்குக் கணக்கு வைக்காமலிருப்பதே சரணாகதி. எத்தனை தகரம், எத்தனை மூடை சீமெந்து, எத்தனை நாட் கூலி என்று ஒவ்வொன்றும் எழுதிவைக்கப்படட்டும். வீட்டைத் திருத்துவதும் உரிமையைக் கேட்பதும் ஒரே கையின் இரண்டு வேலைகள்.

இவ்விடத்தில் நம்மவருள் சிலர் ஏங்கெல்ஸை எடுத்துக்காட்டக்கூடும். 1872-இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது, தொழிலாளிக்குச் சிறுவீடு சொந்தமாவது அவனை முதலாளியின் தொழிற்சாலையோடு பிணைக்கும் விலங்காகும் என்று அவர் எச்சரித்தார். அதே நூலில் அவர் இன்னொன்றையும் கண்டுகாட்டினார்: முதலாளியே வீட்டுக்கும் உடைமையாளனாகும்போது, வேலைநிறுத்தம் செய்பவனைத் தெருவில் நிறுத்தும் ஆயுதமும் அவனிடமே சேர்கிறது. நம் தோட்டங்களின் வரலாறு இந்த இரண்டாவது கூற்றுக்கு நூற்றாண்டு கண்ட உரை. இங்கே தொழிலாளியைப் பிணைத்தது சொந்த வீடன்று, சொந்த வீடின்மை. குடும்பத்தில் ஒருவராவது வேலைக்குப் பெயர் கொடுத்தால்தான் காம்பரா நிலைக்கும் என்ற அச்சமே, படித்த மகனையும் மகளையும் மலையிலே நிறுத்திவைத்தது. எச்சரிக்கையை மதிப்போம், ஆனால் விலங்கு எந்தக் காலில் கிடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

2015-க்குப் பின்னர் 7 பேர்ச்சஸ் நிலத்தோடு தனிவீடு என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியோடும் தோட்டங்களில் வீடுகள் எழுந்தன. இதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் வீடு கிடைப்பதும் வீட்டைத் திட்டமிடுவதும் ஒன்றல்ல. வாசல் எந்தத் திசையில், அடுப்படிப் புகை எவ்வழியே போகவேண்டும், கிழவிக்குக் கக்கூஸ் எத்தனை அடி தூரத்தில் என்றெல்லாம் அங்கே வாழப் போகிறவரிடம் கேளாமல் கட்டப்பட்ட வீடு, சுவர் எவ்வளவு புதிதாயினும் லயத்தின் தம்பியே. திட்டமிடுதல் என்பது செல்வரின் பொழுதுபோக்கன்று. நாளை என ஒன்று தனக்கு உண்டென்று நம்பும் மனிதனின் செயல். தலைமுறைகளாக நாளை மறுக்கப்பட்ட மக்களுக்கு அதுவே குடியுரிமையின் முதற்பாடம்.

இந்தப் பாடத்தில் அறிவும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையே சரிந்து கிராமத்தை விழுங்கியது. எனவே சுவருக்கு நிறம் பூசுமுன் பின்புறத்து மண்வெட்டைப் பார்க்க வேண்டும். அறையைப் பெருப்பிக்குமுன் கானை வெட்டி மழைநீருக்கு வழிவிட வேண்டும். சரிவில் அத்திவாரம் போடுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். மண்ணுக்குத் தோட்டமும் கிராமமும் ஒன்றே.

இனி இரண்டாவது கேள்வி. இது நம்மை நோக்கியது; ஆதலால் கடினமானது.

தன் வாழ்நாளெல்லாம் கூலிக்கு நின்றவன் இன்று முதன்முறையாகக் கூலிக்கு ஆள் வைக்கிறான். பக்கத்துக் கிராமத்து மேசன் வருகிறான். பெரும்பாலும் சிங்களத் தொழிலாளி. "பாஸ்" என்றழைத்துத் தேநீர் கொடுத்து வேலையைப் பேசுகிறார்கள். சாமானோடு கொந்தராத்தா, கைக்கூலி மட்டுமா, நாட்சம்பளமா? முன்பணம் எவ்வளவு? இந்த முன்பணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வரலாறு விழித்துக்கொள்ள வேண்டாமா? கங்காணி கொடுத்த முன்பணமே நம் மூதாதையரின் கடனாகி, அக்கடன் "துண்டு" என்ற காகிதமாகி, தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களைக் கைமாற்றியது. அம்முறை ஒழிய 1921-ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

இரத்தினபுரியில் பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் இருள்கிறது. மேசன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு இஸ்தோப்பில் ஒதுங்கி நிற்கிறான். அன்றைக்கு அவனுக்கு முழுக்கூலியா, அரைக்கூலியா? கொழுந்து நிறை குறைந்த நாளில், மழை கலைத்த நாளில், "அரைப்பேர்" போட்டவர்களை நாம் எத்தனை முறை சபித்திருக்கிறோம்! இன்று அதே பேனா நம் கையில். கடனில் வீடு கட்டுகிறவனுக்கு அரைநாட் கூலியும் பெரிது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மழை மேசனின் குற்றமன்று என்பதை அறிய நம்மைவிடத் தகுதியானவர் யார்? நாம் பட்டதை இன்னொருவன் படட்டும் என்பவன் அடக்குமுறையிலிருந்து விடுபடவில்லை, அதற்கு வாரிசாகிவிட்டான்.

இதற்கு வழி இரக்கமன்று, நேர்மையான பேச்சு. வேலையின் அளவும், கூலியும், மழை நாட்களின் முறையும் தொடங்குமுன்பே இருவருக்கும் விளங்கும் மொழியில் எழுதப்படட்டும். அத்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, சுவர் எழுந்ததும் ஒரு பகுதி, கூரை ஏறியதும் மிகுதி என்று வேலை முன்னேற முன்னேறப் பணம் போகட்டும். மேசன் வேலையைப் பாழாக்கினால் அந்த எழுத்தே வீட்டுக்காரனைக் காக்கும். வீட்டுக்காரன் கூலியை மறுத்தால் அதே எழுத்து மேசனைக் காக்கும். தோட்டத்தின் பழைய ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே எழுதியது. மறுதரப்பு பெருவிரலை வைத்தது. இரு தரப்பும் வாசித்துக் கையெழுத்திடும் ஒரு கடதாசி, அது சாதாரண அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றையாயினும், அந்த வரலாற்றுக்கு நாம் அளிக்கும் மறுமொழியாகும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! தோட்டத்துப் பாடசாலையில் அளவைகள் கற்பிக்கும்போது இந்தக் கடதாசியை எழுதவும் கற்பியுங்கள். கூரையின் பரப்பைக் கணக்கிடத் தெரிந்த பிள்ளை தகப்பனுக்குத் துணை நிற்கும். அந்தக் கூரை யாருடையது என்று ஒருநாள் உரக்கக் கேட்கவும் செய்யும். விடை வரும்வரை மழை காத்திருக்கப் போவதில்லை. தகரத்தை ஏற்றுவோம், கணக்கை எழுதுவோம், மேசனுக்கு முழுக்கூலி கொடுப்போம், உறுதிப்பத்திரத்தைக் கேட்போம். இவற்றுள் ஒன்றை விட்டாலும் மற்றவை குறைபடும்.