வாசற்படியில் ஓர் அமானிதம்

நடுச்சாமம் தாண்டியதும் அது நடக்கத் தொடங்கும். குசினிப் பத்தியில் விரித்த சாக்கிலிருந்து எழும்பி, ஒரே பக்கமாக வட்டம் சுற்றும். பிறகு சுவரைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். வெளியே போக வேண்டுமென்றால், கதவு திறக்கும் பக்கத்தை விட்டுப் பிணைச்சல் பக்கம் போய்க் காத்து நிற்கும். இடைக்கிடை வாத்துக் கத்துவது போல ஓர் இருமல்.

பதின்மூன்று வயதான சின்னச் சாதி நாய். நான் வளர்த்ததல்ல. என்னோடு படிப்பித்த பக்கத்து ஊர்த் தமிழ் டீச்சர் ஓய்வு பெற்று, வெளிநாட்டிலுள்ள மகனிடம் போகும்போது, "சேர், இதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ" என்று ஒப்படைத்துவிட்டுப் போனது.

மிருக வைத்தியரிடம் காட்டினேன். கண்ணில் தெரியும் நீலம் வயதினால் வில்லை இறுகுவது, முழுக் குருடு அல்ல என்றார். சின்னச் சாதி நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்தாலும் இருமல் வரும், இருதய வால்வு கசிந்தாலும் வரும். சுற்றுவதும் சுவரைப் பார்ப்பதும் மூளை மூப்படைவதால். மனிதருக்கு வரும் மறதி நோயைப் போன்றது, முற்றாக மாற்ற மருந்தில்லை. கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடுங்கள், நேரத்துக்குச் சாப்பாடு வையுங்கள், சாமான்களை இடம் மாற்றாதீர்கள், இரவில் ஒரு சிறு வெளிச்சம் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஒருநாள் அஸருக்குப் பின் ஊரவர் ஒருவர் கேட்டார்: "சேர், ஆட்டுக்கும் இல்ல, வயலுக்கும் இல்ல, கள்ளனைக் கண்டாலும் குலைக்க ஏலாது. ஒவ்வொரு நாளும் நன்மையில கீராத் குறையுதே, என்னத்துக்கு இது?"

அவர் கேட்டது பகிடியல்ல. மந்தை, வேட்டை, விவசாயம் ஆகியவற்றுக்கன்றி நாய் வைத்திருப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஓர் அறிவிப்பில் ஒரு கீராத், மற்றோர் அறிவிப்பில் இரண்டு. வீட்டுக் காவலையும் இந்த விலக்குடன் சேர்த்த உலமாக்கள் பலர். எப்படிப் பார்த்தாலும் அனுமதி தேவையின் பேரிலேயே நிற்கிறது. என்னிடமுள்ள நாயால் ஒரு தேவையும் நிறைவேறாது. அப்படியானால் நான் செய்வது பிழையா?

பல நாட்கள் யோசித்த பிறகு ஒன்று விளங்கியது. அவருடைய கேள்வி, நாய் ஒன்றைத் தேடி வைத்துக்கொள்வதைப் பற்றியது. என் முன்னால் இருப்பது வேறு கேள்வி: வந்து சேர்ந்துவிட்ட, கண் மங்கிய, வழி மறந்த உயிரொன்றைத் தெருவில் விடலாமா? இங்கே தேவை என்னுடையதல்ல, அதனுடையது. அத்துடன் நான் ஏற்றுக்கொண்ட அமானிதமும் இருக்கிறது.

நஜீஸ் பற்றியும் கேட்பார்கள். ஷாபிஈ மத்ஹபின்படி நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் அப்படியே செய்கிறோம். அதன் கோப்பையும் வேறு. மாலிகி மத்ஹபில் நாய் சுத்தமானது என்ற கருத்தும் உண்டு. எவ்வாறாயினும் இந்தச் சட்டம் என் பாத்திரத்தையும் உடுப்பையும் பற்றியது. அந்த உயிரை வெறுக்கும்படி அது சொல்லவில்லை. எப்படிக் கழுவுவது என்று கற்றுத்தந்த மார்க்கம், அருகே வாழவும் வழி காட்டியிருக்கிறது அல்லவா?

ஹிஜ்ரி 660இல் (1262) மறைந்த ஷாபிஈ இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், மனிதன் மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியவர். மூப்பாலோ நோயாலோ பயன்தராமல் போனாலும் அவற்றுக்குரிய செலவைச் செய்தே ஆகவேண்டும் என்பது அவ்வரிசையில் முதலாவதாக வருகிறது. பயன் முடிந்ததும் கடமை முடிவதில்லை.

தாகித்த நாய்க்குத் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்து மன்னிப்புப் பெற்றவரின் கதையை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். அந்த நாயும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஸூரத்துல் கஹ்பில் குகைவாசிகள் எத்தனை பேர் என்பதில் மூன்று விதமான கணக்குகள் வருகின்றன. மனிதரின் தொகை மாறுகிறது. நாய் மூன்று கணக்கிலும் சேர்ந்தே இருக்கிறது.

2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் செல் விழ விழ மூதூரை விட்டுக் கந்தளாயை நோக்கிப் புறப்பட்டோம். உம்மா பாதி வழியில் திரும்பி வீட்டுக்கு ஓடினார். நாங்கள் கத்தினோம். நகைக்காக ஓடவில்லை, ஆடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட ஓடினார். ஊர் திரும்பியபோது ஆடுகளைக் காணவில்லை. ஆனால் கயிற்றில் செத்துக் கிடக்கவுமில்லை. கந்தளாயில் சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எங்களால் அந்த ஊராருக்கு என்ன பயன் இருந்தது? எவரும் அப்படிக் கேட்டு எங்களைத் திருப்பி அனுப்பவில்லை.

கீராத்தின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லத் தகுதியானவனல்லன். ஆலிம்கள் வேறு விளக்கம் தந்தால் பணிவோடு கேட்பேன். அதுவரை ஸுபஹுக்கு எழும்பும்போது, பிணைச்சல் பக்கம் நிற்பதைக் கதவின் இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, அதன் பிறகே வுழூவுக்குப் போகிறேன்.