வரைபடத்தில் காணாத ஆறு

வாய் திறந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல், தாளில் எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டுவிடுவது பொய்யாகுமா?

நம் பக்கத்து எண்ணூரில் நடந்த காரியத்தைக் கேளுங்கள். 1991-ஆம் வருஷத்துக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி தயாரான வரைபடங்களுக்கு 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகமும் அதைச் சேர்ந்த சதுப்பும் உப்பளமுமாகச் சுமார் 6,500 ஏக்கர், கட்டடம் எழுப்பலாகாத பகுதியாக அவற்றில் இருந்தது. பிற்பாடு புழங்கிய வேறொரு படத்திலோ அந்தக் கழிமுகத்தையே காணோம்! இரண்டும் ஒவ்வாதவை என்பது, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற தாள்களால் 2017-இல் வெளிச்சத்துக்கு வந்தது.

தாளில் ஆறு இல்லாவிட்டால் தண்ணீர் வற்றிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். வற்றாதுதான். ஆனால் இந்தப் படம் சுவரில் மாட்டும் படமல்லவே. எங்கே மண் கொட்டலாம், எங்கே கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் படம். உங்கள் தகப்பனாரின் சொத்துப் பாகப்பிரிவினையில் ஒரு சகோதரியின் பெயரை எழுதாமல் விட்டவன், "நான் பொய்யே சொல்லவில்லையே" என்று சாதித்தால் ஒப்புவீர்களா? எட்டாம் கட்டளை நாவை மட்டுமா கட்டுகிறது?

அறியாமல் விட்டவனும் உண்டு. மேசையில் அமர்ந்து வர்ணம் தீட்டுகிறவன் சேற்றில் இறங்கியதில்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே இறால் தடவும் இருளர் ஜனங்களை அவன் கண்டதில்லை. பழவேற்காட்டு மீனவர் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிட வேண்டும் என்று முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' எந்த அளவுச் சங்கிலிக்கும் அகப்படாது. அறியாமை குற்றத்தைக் குறைக்கும். கேட்டால் சொல்ல ஆள் இருக்க, கேளாமல் இருந்த அறியாமையோ? அதற்கு அவ்வளவு எளிதாக மன்னிப்புச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்றுண்டு. அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து, தண்ணீர் நின்ற இடம் திட்டாகியிருக்கிறது. வரைபடத்தைப் புதுப்பிக்கும்போது அதை என்னவென்று எழுதுவது? தண்ணீர் என்றால் கண்ணுக்குத் தெரிவதற்கு விரோதம். தரை என்றால் தூர்த்தவனுக்கே பட்டா கொடுத்ததுபோல் ஆகும். அடுத்தவனும் முதலில் தூர்ப்பான், பிறகு அளக்கச் சொல்லுவான். உள்ளதை உள்ளபடி எழுதுவதே சத்தியம் என்று பழகிய நமக்கு இது பெரிய இடறல்.

எமக்குத் தோன்றுவது இது. திருடு போன வீட்டுக்கு மகஜர் எழுதுகிறவன், "பெட்டி காலி" என்று எழுதி நிறுத்துவதில்லை; பெட்டியில் என்ன இருந்தது என்பதையும் எழுதுகிறான். அதுபோலச் சாம்பல் மேட்டைச் சாம்பல் மேடு என்றே குறித்து, அதன் கீழ் ஓடிய ஓடையையும் குறிக்கட்டும். நடக்காத யோசனையன்று இது. எண்ணூரில் சாம்பல் படிந்த இடங்களைச் சீர்ப்படுத்த வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் உத்தரவிட்டது. முன்பு என்ன இருந்தது என்ற கணக்கு இல்லாமல் எதைச் சீர்ப்படுத்துவார்கள்?

அறிவிக்கை 2011-இலும் 2019-இலும் மாறியது. படங்களும் மறுபடி வரைய வேண்டியதாயிற்று. 2023-இல் வரைவுப் படங்கள் பற்றிக் கருத்துக் கேட்டபோது, குப்பங்களும் மீன்பிடி இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர் ஆட்சேபித்தார்கள். அப்படி எழுந்து பேச அவர்கள் ஒரு நாள் கடலுக்குப் போகாமல், அன்றைய கூலியை இழந்து வரவேண்டும். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மாதச் சம்பளம் வாங்கும் நம்மில் எத்தனை பேர் அந்தப் படத்தை ஒருமுறையாவது விரித்துப் பார்த்தோம்? நம் தெருவையாவது அதில் தேடினோமா?