சுமை யாருடையது?

பெரு நாட்டின் மச்சு பிச்சு இடிபாடுகளைக் காணவிருக்கும் என் பேத்தி, தன் பயணத் திட்டத்தைக் காட்டினாள். குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரம். மச்சு பிச்சுவோ 2,430 மீட்டரே. ஆதலால் முதலில் தாழ்ந்த உருபம்பா பள்ளத்தாக்கில் தங்கி, மூச்சைப் பழக்கிக்கொள்ள இரண்டு நாள் ஒதுக்கியிருந்தாள். நன்று. பின்னர் நான்கு நாள் இன்கா பாதை. வழியில் 4,200 மீட்டரைத் தாண்டிய கணவாய். அங்கே கூடாரமும் உணவும் சுமப்போர் பெரும்பாலும் கெச்சுவா மொழி பேசும் மலை உழவர். 2001-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் சுமைக்கு 20 கிலோ வரம்பிட்டது.

நம் மூச்சுக்கு நாள் ஒதுக்கினோம், அவர் மூச்சுக்கு? கூலி கொடுத்தால் கடன் தீருமா? தீராது என்றே எண்ணுகிறேன். எனினும் சுமையே தராது அவர் பிழைப்பைக் கெடுப்பதும் அறமன்று. சட்டம் இடம் தருவதனாலேயே இருபதையும் நிரப்பிவிடலாமா என்பதே என் ஐயம்.

பேத்தி விடை சொல்லவில்லை. பையைத் திறந்து, இரண்டாவது காலணியை வெளியே எடுத்து வைத்தாள்.