ஆலங்காட்டின் இரண்டு பேய்கள்

ஒருவருடைய அழுகையை நம்ப மனமில்லாதபோது தமிழில் சட்டென்று வந்து விழும் சொல் ‘நீலிக் கண்ணீர்’. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர் கலங்கினாலும் அதுதான், மாமியாரிடம் மருமகள் கண்ணைக் கசக்கினாலும் அதுதான். சொல்கிறவர்களில் பலருக்கு அந்த நீலி யாரென்று தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பெரும்பாலும் கதையின் பின்பாதிதான் நினைவில் இருக்கும்: பழையனூர் அவையில் பொய்யாக அழுது, ஒரு வணிகனின் உயிரைக் குடித்த பேய். முன்பாதியில் அவள் கொலையுண்டவள்.

பாடத்துக்குப் பாடம் ஊரும் பேரும் மாறினாலும் கதையின் எலும்பு ஒன்றுதான். நம்பிப் பின்னால் வந்த பெண்ணை, ஆள் அரவம் இல்லாத காட்டில் ஒருவன் கொன்றுபோடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். அவள் பேயாகத் தொடர்கிறாள். அவனிடம் மந்திரித்த வாள் ஒன்று இருக்கிறது. அது கையில் உள்ளவரை அவளால் நெருங்க முடியாது. கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் போய் நிற்கிறாள்: புருஷன் தன்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று. ‘இவள் பெண்ணே இல்லை, பேய்’ என்று அவன் கதறுகிறான். இறக்கிவிட்ட குழந்தை ‘அப்பா’ என்று அவனிடம் போகிறது. அதோடு வழக்கு முடிந்தது. வாளை எங்களிடம் கொடுத்துவிட்டு மனைவியோடு தங்கு, உனக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு என்கிறார்கள் பெரியவர்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

பழையனூர் கற்பனை ஊர் அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில், நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை இருக்கும் திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். கதையும் நேற்று முளைத்ததல்ல. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகத்திலேயே, வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியின் பேச்சு வந்துவிடுகிறது.

இதே ஆலங்காட்டில்தான் இன்னொரு பேயும் இருக்கிறது. காரைக்கால் வணிகன் பரமதத்தனின் மனைவி புனிதவதி. கணவன் கொடுத்தனுப்பிய மாம்பழங்களில் ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்டு, அவன் மறுபடி கேட்டபோது இறைவனிடம் வேண்டிப் புதுப்பழம் பெற்றவள். அதைக் கண்ட நாள் முதல் பரமதத்தனுக்குக் குலைநடுக்கம். கடல் வாணிபம் என்று புறப்பட்டவன் பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணை மணந்து குடியேறிவிட்டான். உறவினர் புனிதவதியை அழைத்துவந்து நிறுத்தியபோது, மனைவி மகளோடு அவள் காலில் விழுந்து, இவள் மானுடப் பெண் அல்லள், தெய்வம் என்றான். அவனுக்காகச் சுமந்த உடம்பை உதறிவிட்டு, அவள் பேய் வடிவை வேண்டிப் பெற்றாள். ஆலங்காட்டில் ஆடும் சிவனைப் பாடிய பதிகங்களில் தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்றே சொல்லிக்கொள்கிறாள். அவள் தலையால் நடந்து வந்த மண் என்பதால் சம்பந்தர் ஆலங்காட்டை மிதிக்க அஞ்சினார் என்கிறது பெரியபுராணம்.

இரண்டு கதையிலும் ஒரு வணிகன் ஊரார் முன்னால் நின்று, ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்கிறான்: இவள் மனுஷி அல்ல. ஒருவன் பேய் என்றான், கொல்லப்பட்டான். மற்றவன் தெய்வம் என்றான், தப்பித்தான். ஊர் முதலாமவனை நம்பவில்லை, இரண்டாமவனை நம்பியது. பேய்க்கும் தெய்வத்துக்கும் நடுவிலான கோட்டை யார் கிழிக்கிறார்கள், எந்தத் தகுதியில் கிழிக்கிறார்கள் என்பதே தமிழ்ப் பேய்க்கதைகள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி.

வினைக் கொள்கையை வைத்துப் பார்த்தால் பேய்க்கு வேலையே இல்லை. கொலையுண்டவள் பழைய வினையைக் கழித்துவிட்டாள், கொன்றவன் புது வினை சேர்த்துக்கொண்டான், காலம் வரும்போது கணக்குத் தீரும். நீலி கதை இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டே அதன் ஓட்டையைக் காட்டுகிறது. கொன்றவனுக்குப் புதுப் பிறவியும் மறதியும் வியாபாரமும் கிடைத்துவிட்டன. நினைவு முழுவதும் செத்தவளின் பங்குக்கு வந்துவிட்டது. தான் எதற்காகச் சாகிறோம் என்று வணிகனுக்கே தெரியாது. நினைவில்லாதவனுக்குத் தரும் தண்டனை நியாயம்தானா? நினைவிருக்கிறவளைப் பொறுத்துப்போ என்பது மட்டும் நியாயமா?

ஒவ்வொரு சமயமும் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. சைவ மரபுக்கு இந்தக் கதை எழுபது வேளாளரின் வாய்மைக்குச் சான்று. நீலி அங்கே அந்த வாய்மையைச் சோதிக்க வந்தவளாக ஒதுங்கிவிடுகிறாள்.

சமணர் செய்தது துணிச்சலான காரியம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான ‘நீலகேசி’க்கு இந்தப் பேயையே தலைவியாக்கினார்கள். காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற முனிவரைக் கெடுக்க வந்தவள் தோற்று, அவரிடமே அறம் கேட்டு, கொல்லாமையை ஏற்கிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் என ஒவ்வொருவரையும் வாதில் வெல்கிறாள். கடைசியாக எதிரே வருகிறவன் பூதவாதி. ஐம்பூதச் சேர்க்கையைத் தவிர உயிர் என்று தனியே ஒன்றும் இல்லை என்பவன். உயிர் உண்டா இல்லையா என்ற வழக்கில் அவனுக்கு எதிராக வாதாடுகிறவள் ஒரு காலத்துப் பேய். அந்தப் பெயர் தெரியாத காப்பியக்காரருக்கு நகைச்சுவை உணர்வு நிறையவே இருந்திருக்க வேண்டும்.

தெற்கே, நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும், நீலி மனம் மாறவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. இசக்கியம்மனாக உட்கார்ந்துவிட்டாள். சமணரின் ‘இயக்கி’தான் மக்கள் நாவில் இசக்கியானது என்பார்கள் ஆய்வாளர்கள். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில், காற்றாலைகள் சுழலும் முப்பந்தலில் அவளுக்குப் பெயர்பெற்ற கோயில் உண்டு. கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் அவள் கதையில், கொலை நடக்கும் இடம் மற்றப் பாடங்களைவிட நெருக்கமாக விரிகிறது. காதலன் மடியில் தலைவைத்துத் தூங்கும் தாசிகுலப் பெண். அவள் தலையை மெல்ல மணல்மேட்டுக்கு மாற்றிவிட்டு, நகைக்காகக் கல்லைத் தூக்கிப் போடுகிறான் அவன். பார்க்க அங்கே ஒரு மனிதர் இல்லை. கள்ளிச்செடிதான் சாட்சி.

இதைக் கேட்டபின் பழையனூர் அவையை மறுபடி நினைத்துப் பார்க்கலாம். அந்தக் குழந்தை சொன்ன ‘அப்பா’ பொய். ஆனால் குழந்தையாகி வந்தது கொலையைக் கண்ணால் பார்த்த கள்ளி. போன பிறவியில் நடந்த கொலைக்கு எந்த அவையும் வாய்தா போடாது. கைவிடப்பட்ட மனைவி என்றால் அவை உட்கார்ந்து கேட்கும். தன் மெய்வழக்குக்கு மன்றம் இல்லாததால், மன்றம் இருக்கிற ஒரு பொய்வழக்கைத் தொடுத்தாள் நீலி. உண்மையான சாட்சியைப் பொய் வேடத்தில் கூட்டிவந்தாள். அந்த அழுகையில் எவ்வளவு பொய், எவ்வளவு மெய் என்று பிரித்துச் சொல்வது அத்தனை எளிதல்ல. தமிழ் மொழி மட்டும் தயங்காமல் தீர்ப்பு எழுதிவிட்டது.

வில்லிசைக் கலைஞர்கள் பாடும் தெய்வங்களில் பிறப்பிலேயே தெய்வமானவை ஒரு வகை. இசக்கியைப் போல அகாலத்தில் மடிந்து தெய்வமானவை இன்னொரு வகை. ‘வெட்டுப்பட்ட வாதை’ என்று இவர்களைச் சொல்வதுண்டு. பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் நிற்கும் முத்துப்பட்டன் இந்த வகை. பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாடு களவாட வந்தவர்களோடு பொருது செத்தவன். அவனுக்குக் காணிக்கை தோல் செருப்பு. இப்படிப்பட்டவர்களின் கதைப்பாட்டு சாவை நெருங்கும் இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் வருகிறது என்று ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் போன்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊர் கூடிக் கேட்பது அந்தச் சாவைத்தான். ஒழுக்கத்தில் சிறந்தவர் என்பதற்காக அங்கே யாருக்கும் பீடம் எழும்புவதில்லை. இவர் சாவுக்கு நாமும் பொறுப்பு என்ற கலக்கம் எழுப்புகிற பீடம் அது.

1849-இல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றிய நூலில் இதையெல்லாம் ‘பிசாசு வழிபாடு’ என்று எழுதினார் கிறித்தவ மிஷனரி கால்டுவெல். அவர் சமயத்தில் பிசாசு என்றால் கடவுளின் எதிரி. அந்தச் சட்டத்துக்குள் அடங்காத ஒரு தகவலையும் அதே நூலில் அவர் மறைக்காமல் கொடுத்திருக்கிறார். 1809-இல் திருவிதாங்கூர் எல்லைக் கோட்டையைப் பிடித்த சண்டையில் படுகாயம்பட்டு இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி தேரிக்காட்டில் புதைக்கப்பட்டார். சுற்று வட்டாரத்து மக்கள் அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள். சண்டை நடந்தது ஆரல்வாய்மொழிப் பக்கம், இசக்கி இருக்கும் அதே கணவாய். செத்தவன் எதிரிப் படைக்காரன், வேற்று மதத்தான். வீடு திரும்பாமல் வழியில் செத்தான் என்பது ஒன்றே அந்த மக்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இசக்கியின் சுதைச் சிலைகளில் ஒரு கையில் குழந்தை இருக்கும். சிலவற்றில் இன்னொரு குழந்தை அவள் பற்களுக்கிடையில் நசுங்கிக்கொண்டிருக்கும். அந்த வாய்க்கு எதிரிலேயே, கோயில் மரக்கிளைகளில் சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் ஆடுகின்றன. கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி வழக்காடியவளிடம், பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கட்டிவிட்டுப் போனவை.